குடம்புளி குழம்புக்குத்தான்

எங்கள் குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் மீன் குழம்புக்குக் குடம்புளிதான் போடுவார்கள். அம்மா நாலைந்து சுளையைக் கழுவி வெந்நீரில் ஊறவைப்பாள். அந்தச் சாற்றையும் சுளையையும் சேர்த்து மண்சட்டியில் குழம்பு கூட்டுவாள். மறுநாளும் கெடாது, ருசியும் கூடும். புளிப்புதான் அதற்குக் காவல்.

சென்ற மாதம், என்னோடு வேலை பார்த்த நண்பர் வீட்டுக்குப் போனேன். மேசையில் ஒரு மாத்திரைக் குப்பி. "குடம்புளிச் சாறுதான் சார், எடை குறையும்" என்றார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். "டாக்டரிடம் சொன்னீர்களா?" என்றேன். "புளியையெல்லாமா டாக்டரிடம் சொல்வார்கள்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழத்தோலில் உள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலத்தைப் பிரித்து, அடர்த்தியாக்கி அடைத்தது அந்த மாத்திரை. 1998-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் பருத்த 135 பேரை 12 வாரம் கவனித்தார்கள். இதைச் சாப்பிட்டவர்களுக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை அதிகம் குறைந்துவிடவில்லை. இத்தகைய மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

குழம்பில் நாலு சுளை போடுவது வேறு. அதன் சாரத்தைத் தினமும் விழுங்குவது வேறு. 'இயற்கை' என்று எழுதியிருப்பது டாக்டர் சீட்டு ஆகிவிடாது. நம் வயதில் மாத்திரைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

குப்பியை டாக்டரிடம் காட்டுவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை போகும்போது அவர் வீட்டுக்கு ஒரு பொட்டலம் குடம்புளி கொண்டுபோகப் போகிறேன், குழம்புக்கு.