பொதுக் காசுக்கு ஒரு கோடு போடுவோம்: அடுக்குமாடியில் வாழும் நம் பக்தர்களுக்கு

ஓம் நமசிவாய.

இன்றைய பதிவில் பூசை நேரமும் இல்லை, உபயப் பட்டியலும் இல்லை. கொஞ்சம் நீளமான விஷயம். முழுசாப் படிச்சிட்டு, அடுக்குமாடியில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

தோட்டத்து லயத்தையும் கம்பத்து வீட்டையும் விட்டு வந்த நம் குடும்பங்கள் நிறைய பேர் இப்போது மாடி வீட்டில்தான் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாத வரிசையில் நிற்கும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "மின்தூக்கி கெட்டு மூணு வாரம் ஆச்சு. அம்மாவால பத்து மாடி இறங்க முடியல. அதான் கோயிலுக்குக் கூட்டிட்டு வரல." நிர்வாகத்தைக் கேட்டால் காசு இல்லை என்கிறார்களாம். ஆனால் போன வருடம்தான் வாசலில் புதுக் காவல் கூடம் கட்டினார்கள், வரவேற்புக் கூடத்துக்குப் பளிங்கு போட்டார்கள். அதற்கு யார் சரி சொன்னது? யாருக்கும் தெரியாது.

யாரும் திருடினார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பெரும்பாலான கட்டடங்களில் பிரச்சினை திருட்டே இல்லை. எவ்வளவு தொகை வரை யார் தன் முடிவில் செலவு செய்யலாம், எதற்கு மேல் போனால் எல்லாரையும் கேட்க வேண்டும் என்று ஒரு கோடு போடாமல் விட்டதுதான் பிரச்சினை. அந்தக் கோட்டைப் போட வேண்டியது வீட்டு உரிமையாளர்களான நாம்தான் என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மலேசியாவில் மாடி வீடுகளுக்கு 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, இருக்கிறது. தீபகற்பத்தில் பெரும்பாலான இடங்களில் 2015 ஜூன் மாதம் நடப்புக்கு வந்தது. அதன்படி கட்டடத்தை ஜேஎம்பியோ எம்சியோ நிர்வகிக்கும். அந்த அமைப்பில் உறுப்பினர்கள் யார்? வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும்தான். நாம் "மேனேஜ்மண்ட்" என்று கை காட்டுகிற செயலவை, நம் சார்பில் வேலை பார்க்க நாம் தேர்ந்தெடுத்த சில பேர். அவ்வளவுதான்.

நாம் மாதாமாதம் கட்டும் பணம் இரண்டு கணக்குகளுக்குப் போக வேண்டும். ஒன்று பராமரிப்புக் கணக்கு: துப்புரவு, காவல், பொது விளக்கு மின்கட்டணம், காப்புறுதி போன்ற அன்றாடச் செலவுகள். இன்னொன்று சிங்கிங் ஃபண்ட்: சாயம் பூசுவது, மின்தூக்கியையும் தண்ணீர்ப் பம்பையும் மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்கான சேமிப்பு. இதற்குப் பொதுவாகப் பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு கட்டுகிறோம். கோயில் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். அன்றாட நைவேத்தியத்துக்கு ஒரு கணக்கு, 12 வருடத்துக்கு ஒரு முறை வரும் கும்பாபிஷேகத் திருப்பணிக்கு ஒரு கணக்கு. திருப்பணிக் காசை எடுத்துத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டால் யாராவது சும்மா இருப்போமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 வீடுகள் உள்ள கட்டடம், வீட்டுக்கு மாதம் 80 வெள்ளி பராமரிப்புக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். சிங்கிங் ஃபண்டுக்கு வீட்டுக்கு 8 வெள்ளி. மாதம் 2,400, வருடம் 28,800. எல்லாரும் ஒழுங்காகக் கட்டினாலும் 5 வருடத்தில் சேர்வது 144,000 வெள்ளி. பழைய மின்தூக்கி ஒன்றை முழுசாக மாற்றப் போனாலே செலவு இலட்சத்தைத் தாண்டிவிடும். அப்படி 5 வருடம் சேர்த்ததில் 60,000 வெள்ளியை ஒரே ஒரு செயலவைக் கூட்டத்தில், ஏழெட்டுப் பேர் கை தூக்கி, வாசல் அழகுக்கு எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மேலே சொன்ன அந்த அம்மா பத்தாவது மாடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சரி, செயலவை இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று சட்டத்திலேயே ஒரு தொகை இருக்கிறதா என்றால், இத்தனை வெள்ளி என்று எழுதப்படவில்லை. ஆனால் அதைவிட நல்ல ஒன்று இருக்கிறது. பொதுக்கூட்டம் விதிக்கும் கட்டுப்பாட்டுக்கும் கொடுக்கும் உத்தரவுக்கும் உட்பட்டுத்தான் செயலவை வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதாவது கோடு போடும் உரிமை பொதுக்கூட்டத்தின் கையில் இருக்கிறது. நாம் போடாவிட்டால் கோடே இல்லை.

எப்படிப்பட்ட கோடு? இது எங்கள் யோசனை. உங்கள் கட்டடத்தின் அளவுக்கு ஏற்றபடி தொகையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

1. சின்னச் செலவு, 1,000 வெள்ளி வரை: தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். தனி ஆள் முடிவு வேண்டாம்.

2. 1,000 முதல் 10,000 வெள்ளி வரை: செயலவை கூடி முடிவு எடுக்க வேண்டும். குறைந்தது மூன்று குத்தகையாளர்களிடம் விலை வாங்கி, ஏன் இவருக்குக் கொடுத்தோம் என்று கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும்.

3. அதற்கு மேல், ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சொல்லாத எந்தச் செலவும்: பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும்.

4. அவசரம் என்றால் விலக்கு. தண்ணீர்ப் பம்பு வெடித்தது, மின்தூக்கியில் ஆள் மாட்டும் நிலை, மின்கசிவு, இதற்கெல்லாம் கூட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. உடனே செய்யட்டும். ஆனால் 14 நாளுக்குள் என்ன செய்தோம், எவ்வளவு ஆனது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

5. ஒரே வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எல்லைக்குள் காட்டும் வேலை கூடாது. சுவருக்குத் தனி பில், கதவுக்குத் தனி பில், விளக்குக்குத் தனி பில் என்று வந்தால் அது ஒரே வேலைதான்.

6. குத்தகையாளர் செயலவை உறுப்பினருக்கு உறவு அல்லது கூட்டாளி என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த முடிவில் அவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

"செயலவையில் இருப்பவர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறார்கள். அவர்களைப் போய்ச் சந்தேகப்படுவதா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாங்களும் தொண்டர்கள்தான், அந்த வலி எங்களுக்குத் தெரியும். ஆனால் கோயில் உண்டியலை ஏன் நாலு பேர் முன்னால் திறந்து எண்ணுகிறோம்? எண்ணுகிறவர் மேல் சந்தேகமா? இல்லை. நாளைக்கு அவர் மேல் யாரும் வாய் கூசாமல் பழி போடக் கூடாது என்பதற்காகத்தான். எல்லைக்கோடு முதலில் காப்பாற்றுவது நேர்மையான பொருளாளரைத்தான். கோடு இல்லாத இடத்தில் நல்லவரும் கெட்டவரும் பார்வைக்கு ஒன்றாகத்தான் தெரிவார்கள். அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குத் திட்டு. அடுத்த வருடம் பொறுப்பேற்க ஒருத்தரும் முன்வர மாட்டார்கள்.

"எல்லாத்துக்கும் பொதுக்கூட்டம்னா வேலை நடக்குமா?" என்பது அடுத்த கேள்வி. எல்லாத்துக்கும் இல்லை. எல்லையை ரொம்பக் கீழே வைத்தால் குழாய் மாற்றக்கூட ஆள் கூட்ட வேண்டியிருக்கும், வேலை நிற்கும். ரொம்ப மேலே வைத்தால் எல்லை இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் வருடா வருடம் பொதுக்கூட்டத்தில் அந்தத் தொகையைத் திரும்பப் பார்க்க வேண்டும். வேலைத் திட்டம் முன்கூட்டியே வரவு செலவுத் திட்டத்தில் வந்துவிட்டால், நடுவில் கூட்டம் போடவே தேவை வராது.

இனி நம் பக்கம். இது கொஞ்சம் கசக்கும்.

ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு குறைந்தது 14 நாளுக்கு முன் வர வேண்டும். பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் தொடங்கலாம். ஆனால் அரை மணி நேரம் ஆகியும் ஆள் சேரவில்லை என்றால், வந்திருக்கிற வாக்குரிமை உள்ளவர்களை வைத்தே நடத்தலாம். அதாவது 300 வீட்டுக்கு 20 பேர் முடிவு செய்யலாம், அது செல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் வீட்டில் படம் பார்த்துவிட்டு, அப்புறம் "எங்களைக் கேட்காமல் செய்துவிட்டார்கள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இன்னொன்று. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு கட்டணப் பாக்கி இருந்தால் வாக்களிக்க முடியாது. அன்னதானத்துக்கு 500 வெள்ளி கொடுக்கும் அண்ணன்மார்கள், பராமரிப்புக் கட்டணத்தில் ஆறு மாதம் பாக்கி வைத்திருப்பதும் எங்கள் காதுக்கு வருகிறது. யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாக்கியால் நிற்பது பக்கத்து வீட்டுப் பாட்டியின் மின்தூக்கி. "சிவன் சொத்து குலநாசம்" என்று பயப்படுகிற நாம், முந்நூறு குடும்பங்களின் பொதுச் சொத்தை மட்டும் ஏன் இலேசாக எடுத்துக்கொள்கிறோம்? கோயிலுக்குக் குறைத்துக் கொடுங்கள், பரவாயில்லை. முதலில் அந்தப் பாக்கியைக் கட்டுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அறிவிப்பு வந்ததும் பாக்கியைத் தீருங்கள். செலவு எல்லைத் தீர்மானத்தை எழுதி, கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன்பே நிர்வாகத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தணிக்கை செய்த கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நாலு வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று பார்க்காதீர்கள், மின்தூக்கி நின்றால் எல்லாருக்கும்தான் கால் வலிக்கும். கூட்டத்தில் மரியாதையாகப் பேசுங்கள். கேட்டும் நடக்கவில்லை என்றால் ஊராட்சி மன்றத்தில் கட்டட ஆணையர் இருக்கிறார். அதற்கும் மேல் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும், சாதாரணமாக வக்கீல் தேவைப்படாது. ஆனால் அங்கே போகும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் வீட்டுக்காரரிடம் இந்தப் பதிவைக் காட்டலாம்.

உங்கள் கட்டடத்தில் ஏற்கனவே செலவு எல்லை இருக்கிறதா? எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், அது வேலைக்கு உதவுகிறதா, தடையாக இருக்கிறதா? கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும். கட்டடத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ போட்டுச் சண்டை மட்டும் வேண்டாம்.

எல்லாருக்கும் இறையருள் கிடைக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.