சபிக்க வேண்டாம், சிகிச்சைக்கு அழைத்துச் செல்வோம்



மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. போதை தரும் ஒவ்வொன்றும் விலக்கப்பட்டதே என்ற நபிமொழியின்படி கஞ்சாவும் போதைக்காக விழுங்கும் வலி மாத்திரையும் அதே தடைக்குள் அடங்கும். ஆனால், அதில் விழுந்துவிட்ட பிள்ளையை மீட்கும் வழியில்தான் நாம் தடுமாறுகிறோம்.

2023 மே மாதம் நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் சித்தாமூர்ப் பகுதியிலும் மரக்காணத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவை செய்தியாயின. ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வீட்டுக்குள்ளேயே உருக்குலையும் இளைஞன் செய்தியாவதில்லை. குடும்ப மானம் கருதி மறைத்துவிடுகிறோம்.

நிக்காஹ் முடித்தால் திருந்துவான் என்கிறோம். உண்மையை மறைத்து ஒரு பெண்ணை அவனுக்கு மருந்தாக்குவது அமானிதத்திற்குச் செய்யும் துரோகமாகும். ரமளானில் தானே விட்டுவிடுவான் என்று அறையில் பூட்டுகிறோம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக் குழப்பமும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள் (புகாரி). தண்டனை இருந்தது, ஆனால் அவர் சமுதாயத்திலிருந்து தள்ளப்படவில்லை. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அவர்களே. துஆவும் திக்ரும் உள்ளத்திற்கு வலிமை. அவற்றைக் காரணம் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப்போடுதல் சுன்னத் அன்று.

வழிகள் அருகிலேயே உள்ளன. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே மருத்துவமனை 1980 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். போலீஸ் வழக்கு வருமோ என்ற அச்சத்திற்கும் விடை உண்டு: போதைப்பொருள் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு விலக்கு அளிக்கிறது. விளம்பரம் கண்டு ஏதோ ஒரு மையத்தில் சேர்க்கும் முன், அது அரசில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடுத்துள்ளது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பைத்துல்மால் நிதியில் ஒரு பகுதியைச் சிகிச்சைக்கென ஒதுக்குங்கள். இரகசியம் காக்கும் இருவரை நியமித்து, எந்தத் தாயும் தயங்காமல் அவர்களை அணுகும் நிலையை உருவாக்குங்கள். மீண்டு வந்தவனுக்குத் தொழுகை வரிசையில் இடம் விட்டு, ஒரு வேலையும் தேடிக் கொடுங்கள். அவன் மறுபடி சறுக்கினால் மறுபடி அழைத்துச் செல்லுங்கள். இந்நோயில் அது நேர்வதுண்டு.

நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.