களிமண் வளவில் தென்னம்பிள்ளை: தை வரை பொறுப்போம்

மாரி தொடங்கியதும் லொறியில் தென்னம்பிள்ளைகள் வந்து இறங்குவதை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். நாற்றுமேடையில் பிடுங்கி, மண் உதிர்ந்து, வெறும் வேரோடு வரும் பிள்ளைகள். குடும்பத்துக்கு இரண்டோ மூன்றோ வழங்கப்படும், படமும் எடுக்கப்படும். மறுவருடம் அதே வளவில் போய்ப் பார்த்தால் குருத்து அழுகிய கட்டைதான் நிற்கும். சனங்களுக்குப் பராமரிக்கத் தெரியாது என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள்.

இது அநியாயமான பேச்சு. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளைச் சரித்துப் போட்ட பின்னர், மீண்டும் நட்டு வளர்த்தவர்கள் எமது மக்களே. பிழை, மண்ணைப் பாராமல் கொடுக்கும் முறையில் இருக்கிறது.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணல். அங்கே மூன்றடிக் குழி வெட்டி, அடியில் தேங்காய் மட்டை பரப்பி, முதல் மழையோடு நடுவது சரியே. மேற்கே படுவான்கரையில், 2007இல் இடம்பெயர்ந்து திரும்பிய வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கங்களில், வயலை ஒட்டிய வளவுகள் பல களிமண். அதே குழியை அங்கே வெட்டினால் அது தொட்டிதான். ஈரக் களியில் மண்வெட்டி பட்ட பக்கம் மெழுகியதுபோல் இறுகிவிடும். தண்ணீர் இறங்க வழியில்லை. வெறும் வேர் புதுவேர் விடுவதற்குக் காற்று வேண்டும். அது கிடைக்காமல் பிள்ளை அழுகுகிறது. முற்றத்தில் ரோசாக் கன்று நட்டு இழந்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

ஆகவே களிமண் வளவில் ஐப்பசி, கார்த்திகையில் நட வேண்டாம் என்பதே எமது கருத்து. தை பிறந்து வெள்ளம் வடிந்து, மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதம் வந்ததும் வெட்டுங்கள். குழியின் பக்கங்களை அலவாங்கால் குத்திக் கீறி விடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய சாணம் கலந்து, நிலமட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி மேடாக்கி, அந்த மேட்டிலே நடுங்கள். சுற்றி ஒரு கான் இருக்கட்டும்.

கார்த்திகையிலேயே கொண்டுவந்து தந்துவிட்டால்? ஓட்டை போட்ட உரப்பையில் மணலும் எருவும் நிரப்பி அதில் நட்டு, நிழலில் தை வரை வையுங்கள்.

கோடைதான் அடுத்த சோதனை. களி வெடிக்கும்போது வேரும் அறுபடும். வைக்கோலோ சீமைக்கிளுவைக் குழையோ போட்டு மூடுங்கள். கறையான் ஏறாமல் அடியை விட்டுச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். தண்ணீரும் ஊற்ற வேண்டும். அதைச் சுமப்பது பெரும்பாலும் பெண்கள். பத்துப் பிள்ளை தருகிறார்கள் என்று பத்தையும் வாங்காமல், எத்தனைக்குச் சுமக்க முடியும் என்று வீட்டில் அவர்களைக் கேட்டு வாங்குங்கள்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக் கணக்கு மார்கழியில் முடிகிறது, அதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்பது எமக்குத் தெரியாததல்ல. எமது சபைகளும் அப்படிக் கொடுத்தவைதான். செத்த பிள்ளைகளில் எமது பங்கும் உண்டு. ஆனால் மண் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. களிமண் கிராமங்களுக்குப் பையில் வளர்த்த கன்றுகளைத் தையில் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பட்டியலில் கையெழுத்து வைக்குமுன், பிள்ளைகள் எந்த மாதம் வரும் என்று எழுந்து கேளுங்கள்.