உயர ரிப் ஷாட்கன் வாங்கினால் தட்டு உடையுமா? முதலில் கழுத்தைக் கவனியுங்கள்!

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்றொரு ஊர். ஆண்டுதோறும் அங்கே நடக்கும் 'கிராண்ட் அமெரிக்கன்' ட்ராப் போட்டியின் வீடியோக்களைப் பார்த்தால், பலர் கையில் இருக்கும் துப்பாக்கி கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். குழல் கீழே இருக்கும். அதற்கு மேலே, சின்னச் சின்னத் தூண்கள் தாங்கும் பாலம் மாதிரி ஒரு பட்டை ஓடும். சுடுபவர் குனிவதே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிமிர்ந்து நின்று, 'புல்' என்று குரல் கொடுத்து, பறக்கும் தட்டை உடைக்கிறார்.

அதே ட்ராப் விளையாட்டின் ஒலிம்பிக் வடிவத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் அந்தப் பாலம் இல்லை. பட்டை குழலை ஒட்டியோ, சற்றே மேலேயோதான் இருக்கிறது. உலகின் தலைசிறந்த வீரர்கள் ஏன் அந்த உயரத்தை வேண்டாம் என்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல், 'உயர ரிப் இருந்தா ஸ்கோர் ஏறும்' என்று நம்பிப் பல லட்சம் கொட்டுவது வீண் செலவு. உயர ரிப் நல்ல சாதனம். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட உடலுக்கும், ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்கும் தைத்த சட்டை.

கண்தான் பின் குறி

ரைஃபிளில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி என இரண்டு இருக்கும். ஷாட்கன்னில் முனையில் ஒரு சிறு மணி மட்டும்தான். பின் குறி எங்கே? சுடுபவரின் கண்தான் அது. கன்னம் ஸ்டாக்கின் மேல்விளிம்பில் பதிகிறதே, அந்த இடத்துக்கு 'கோம்ப்' என்று பெயர். கோம்ப் எவ்வளவு உயரமோ, அதைப் பொறுத்து கண்ணின் உயரமும் அமையும். ரிப் என்பது அந்தக் கண்ணுக்கும் முனை மணிக்கும் இடையே போடப்பட்ட சாலை.

கணக்கு எளிது. கண்ணிலிருந்து முனை மணிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். தட்டு உடையும் தூரம் சுமார் 35 மீட்டர் என்று வையுங்கள். கண் 3 மில்லிமீட்டர் உயர்ந்தால், அங்கே ரவைக் கூட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். தட்டின் விட்டமே 11 சென்டிமீட்டர்தான். (களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, அது களிமண்ணே இல்லை, சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்த்து அச்சில் வார்த்தது.)

பயிற்சிக் களத்தில் அதிகம் கேட்கும் வசவு, "தம்பி, தலையைத் தூக்காதே!" என்பது. தட்டு உடைந்ததா என்று பார்க்கும் ஆசையில் கன்னம் ஒரு நொடி முன்னதாக எழும். அந்தச் சில மில்லிமீட்டரில் தட்டு முழுசாகப் பறந்து போய்விடும்.

உயர்த்தினால் என்ன கிடைக்கும்?

கழுத்து நீளமானவர், தோள் சரிந்தவர் தாழ்வான துப்பாக்கியைப் பிடித்தால், தலையை முன்னால் நீட்டிக் கவிழ்க்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் கண் புருவத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. நாள் முழுக்கச் சுட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும். களைத்த கழுத்து தானாகவே நிமிரப் பார்க்கும். தலை தூக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரிப்பையும் கோம்பையும் ஒரே அளவில் உயர்த்தினால், துப்பாக்கி முகத்தைத் தேடி வருகிறது. முகம் துப்பாக்கியைத் தேடிக் குனிய வேண்டாம்.

கண்ணாடி போட்டவர்களுக்கு இதில் கூடுதல் லாபம். தலை கவிழ்ந்தால் பார்வை லென்ஸின் மேல் மூலை வழியாகப் போகும். ஃபிரேம் குறுக்கே வரும், லென்ஸ் ஓரத்தில் உருவம் கோணும். தலை நிமிர்ந்தால் லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்க்கலாம். பகல் முழுக்க லேப்டாப், சனி ஞாயிறு ரேஞ்ச் என்று வாழ்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே உயர ரிப்பை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நியாயம்.

அடுத்தது பின்னுதைப்பு. ரிப் உயர்ந்தால், கண்ணோடு ஒப்பிடுகையில் குழல் தாழ்கிறது. உதைப்பு தோளுக்குள் நேர்கோட்டில் போகும். முனை மேலே துள்ளுவது குறையும், கன்னத்தில் விழும் அறையும் குறையும். சாதாரண ஸ்டாக் பின்பக்கம் சரியும். உயர ரிப் துப்பாக்கிகளில் கோம்ப் பெரும்பாலும் ரிப்புக்கு இணையாக ஓடும். கன்னம் ஒரு விரற்கடை முன்னே பின்னே பதிந்தாலும் கண்ணின் உயரம் மாறாது. நூற்றுக்கணக்கான தோட்டா சுடும் வார இறுதியில் இதன் அருமை புரியும். அறைக்குப் பயந்த உடல், விசையை இழுக்கும் முன்பே சிலிர்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது.

வெப்பமும் உண்டு. தொடர்ந்து சுட்டுச் சூடான குழலின் மேல் காற்று தார்ச்சாலை மாதிரி அலையடிக்கும். பார்வைக் கோடு அதைவிட்டு உயர்ந்திருந்தால் தட்டு தெளிவாகத் தெரியும்.

சரி, அப்போ எல்லோரும் இதையே வாங்கிடலாமே?

இங்கேதான் இரண்டு ஆட்டங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க ட்ராப்பில் தட்டு மணிக்கு சுமார் 68 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ ஒரே உயரத்தில், எழும்பிப் போகும். வழக்கமான 'சிங்கிள்ஸ்' பிரிவில் ஒரு தட்டுக்கு ஒரே தோட்டா. தட்டு எப்போதும் ஏறிக்கொண்டே இருப்பதால், துப்பாக்கி குறிக்குச் சற்று மேலே சுடும்படி வைத்திருப்பார்கள். 70/30 என்ற பேச்சு இதைத்தான் குறிக்கிறது: ரவைக் கூட்டத்தில் 70 சதவீதம் குறிக்கு மேலே, 30 சதவீதம் கீழே. தட்டை முனை மணியால் மறைக்காமல், மேலே மிதக்க விட்டுச் சுடலாம். சீராக எழும் தட்டுக்கு இது அருமையான ஏற்பாடு.

ஒலிம்பிக் ட்ராப் அப்படி இரக்கம் காட்டாது. பள்ளத்தில் 15 எந்திரங்கள். தட்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுப் பாயும். இடமோ வலமோ 45 டிகிரி வரை விலகும். எந்திரத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி அதன் உயரம் ஒன்றரை மீட்டராகவும் இருக்கலாம், மூன்றரை மீட்டராகவும் இருக்கலாம். ரொம்ப மேலே சுடும் துப்பாக்கியோடு நின்றால், தாழ்ந்து போகும் தட்டுக்கு மேலே வெறும் காற்றைத்தான் சுடுவீர்கள். இரண்டாவது தோட்டாவுக்கு அனுமதி உண்டு. ஆனால் அதற்குள் தட்டு வெகுதூரம் போயிருக்கும். அதனால்தான் அங்கே மிதமான ரிப், மிதமான உயரம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை ஒட்டி இத்தாலியின் பெரட்சி நிறுவனம் உருவாக்கிய எம்எக்ஸ்8 இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதில் பாலம் எதுவும் கிடையாது.

ஸ்கீட் ஆடுபவருக்கு இந்த விவாதமே தேவையில்லை. ஒலிம்பிக் ஸ்கீட்டில் தட்டு கண்ணில் படும் வரை துப்பாக்கி இடுப்பருகே இருக்க வேண்டும். பிறகு தோளுக்கு ஏற்றி, குறுக்கே பறக்கும் தட்டைத் துரத்த வேண்டும். அந்த அவசரத்தில் உயர ரிப்பும் உயர கோம்பும் இடையூறுதான்.

இன்னொரு சிக்கல், பலர் கவனிக்காதது. மேலே சுடும்படி அமைத்த துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், 'மேலே' என்பது 'பக்கத்தில்' என்றாகிவிடும். 15 சென்டிமீட்டர் மேலே சுடும் துப்பாக்கியை 10 டிகிரி சாய்த்தால் ரவைக் கூட்டம் இரண்டரை சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகரும். 90/10 என்று ஏற்றி வைத்தவருக்கு நகர்வு இன்னும் அதிகம். ரிப் உயரமாக இருந்தாலே துப்பாக்கி மேலே சுடும் என்பதும் தவறான எண்ணம். ரிப், கோம்ப் இரண்டையும் சமமாக உயர்த்தினால் 50/50-ம் கிடைக்கும். உயரம் கழுத்துக்காக, சாய்வு ரவைக்காக. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் கடையில் ஏமாறுகிறார்கள்.

எதை, எப்படிப் பார்ப்பது?

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் முதலில் குழலை எண்ண வேண்டும். பிரௌனிங் பிடி-99 போன்றவை ஒற்றைக் குழல் ட்ராப் துப்பாக்கிகள். 'அன்சிங்கிள்' என்று ஒரு வகை உண்டு. அதில் மேல்குழலை எடுத்துவிட்டு, கீழ்க்குழலின் மேல் உயரமான ரிப்பை நிறுத்தியிருப்பார்கள். இரண்டாவது தோட்டா இல்லாத ஆட்டத்துக்கு இவை அழகு. ஒலிம்பிக் ட்ராப் பழக நினைப்பவருக்கு மேல்-கீழ் இரட்டைக் குழல்தான் வேண்டும். கிரீகாஃப் கே-80, பிரௌனிங் சிட்டோரி குடும்பங்களில் ரிப்பைத் திருகிச் சாய்வு மாற்றும் வசதியோடும் மாடல்கள் வந்திருக்கின்றன.

அப்படி மாற்றும் ரிப் முதல் துப்பாக்கிக்கு அவசியமா? இல்லை. மாற்றக்கூடிய கோம்ப்தான் அவசியம். கண்ணை இடத்தில் உட்கார வைப்பது அதுதான். விலையும் ரிப்பை மாற்றுவதைவிடக் குறைவு. திருகு கையில் இருந்தால் ஒவ்வொரு தவறிய தட்டுக்கும் அதைத் திருகத் தோன்றும். காலையில் 60/40, மதியம் 80/20, மாலையில் எங்கே சுடுகிறது என்று துப்பாக்கிக்கே தெரியாது.

சோதனைக்குப் பெரிய செலவு இல்லை. துப்பாக்கியைத் திறந்து, காலியாக இருப்பதை இருவர் உறுதிசெய்து, ரேஞ்சில் பாதுகாப்பான திசையில் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தை வசதியாகப் பதித்து, கண்ணைத் திறங்கள். ரிப் உங்கள் கண்ணுக்கு எங்கே தெரிகிறது? பட்டை மொத்தமும் ஏறுபாதை மாதிரி தெரிந்தால் கோம்ப் உங்களுக்கு உயரம். பின்முனை மட்டும் தெரிந்து மணி மறைந்தால் தாழ்வு. பக்கவாட்டிலிருந்து நண்பரை மொபைலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பத்து முறை ஏற்றி இறக்கினால் பத்துப் படத்திலும் கழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். குழலுக்கு முன்னால் மட்டும் யாரும் வரக்கூடாது, காலித் துப்பாக்கியாக இருந்தாலும்.

அடுத்து பெரிய தாள் ஒன்று, நடுவில் ஒரு புள்ளி, சுமார் 36 மீட்டர் தூரம். ஒன்றல்ல, ஐந்தாறு தோட்டா. 75 சென்டிமீட்டர் வட்டத்தில் ஒவ்வொரு 10 சதவீதமும் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், துப்பாக்கி நிஜமாக எங்கே சுடுகிறது என்பது புரியும். விற்பவர் சொல்லும் எண்ணைவிட இந்தத் தாள் நம்பகமானது.

இந்தியாவில் நிலைமை வேறு

புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற ட்ராப் அணியில் இருந்தார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் களமிறங்கினார். அதற்குப் பிறகு இங்கேயும் சில இளைஞர்கள் இந்த விளையாட்டை விசாரிக்கத் தொடங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் இது பேட்மிண்டன் ராக்கெட் வாங்குவது போல இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின்படி முதலில் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமத்தில் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான். போட்டி வீரர்களுக்குத் தனி விதிகள். வெளிநாட்டு ட்ராப் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் வழி, போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்தவர்களுக்கானது.

ஆகவே முதல் ஆயிரம் தட்டுகளை கிளப் துப்பாக்கியில்தான் சுடப் போகிறீர்கள். அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். வெவ்வேறு உயரத்தில் இருக்கும் இரண்டு மூன்று துப்பாக்கிகளை மாற்றி மாற்றிப் பிடிக்கும் வாய்ப்பு அது. காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது. வாங்கிய துப்பாக்கியை 'சரிப்படலை' என்று திருப்பிக் கொடுக்கும் வசதி இங்கே கிடையாது. ஒவ்வொரு கைமாற்றமும் காகிதமும் அனுமதியுமாக நீளும். எனவே பழைய துப்பாக்கி ஒன்று வீரர் ஒருவரிடமிருந்து வருகிறது என்றால், அவருடைய கழுத்தையும் தோளையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆறடி மனிதருக்காகச் செதுக்கிய ஸ்டாக் ஐந்தரை அடிக்காரருக்கு உதவாது. ஸ்டாக்கை மாற்றலாம், குழலோடு பற்றவைத்த உயர ரிப்பை மாற்ற முடியாது.

ஒருவேளை, சோதித்துப் பார்த்து, கழுத்து நிஜமாகவே உயர ரிப்பில்தான் நிம்மதியாக இருக்கிறது என்று தெரிந்தால், தயங்காமல் வாங்கலாம். பயணத்துக்குத் தூண்களைத் தாங்கும் கெட்டியான பெட்டி வேண்டும். சாதாரண உறையில் ரிப் இடிபட்டு வளையும். தாளில் சோதித்து அமைப்பு முடிந்ததும், ரிப் திருகிலும் கோம்ப் திருகிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அதிர்வில் திருகு நகர்ந்திருந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.