பட்டறையில் முதற்பாடம்

2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் கூடிய ஜனத்திரளின் முன் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் அமைத்துத் தரப்படும் என்று அறிவித்தது முதல், லயத்துக் காம்பராவை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு காணும் ஆசை நம் மக்களிடையே முன்னிலும் வலுப்பெற்றுள்ளது. வீடு என்றால் நிலையும் கதவும் ஜன்னலும் வேண்டும். அவற்றைச் செய்யும் தச்சுப்பட்டறைகளில், கொழுந்து நிறுத்து வாழும் வாழ்வை விரும்பாத இளைஞர்கள் கையாட்களாகச் சேர்வது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவர்கள் மின்கருவிகளைப் பழகும் விதம் எனக்குக் கவலை தருகிறது.

உளியும் சீவுளியும் சிறு காயங்களால் மாணவனைத் திருத்தி, பல வருஷ அப்பியாசத்தில் அவனைப் பாஸ் ஆக்கும் கருணை உடையவை. மின்வாளுக்கு அந்தக் கருணை கிடையாது. நிமிஷத்துக்கு 11,000 சுற்றுச் சுழலும் நாலங்குல கிரைண்டரில் பல் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது; கை பின்வாங்க எண்ணுமுன் விரல் போய்விடும். இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் பிறந்த அக்கருவியில் காவல் மூடியைக் கழற்றி, மரம் அறுக்கும் பல்வட்டைப் பூட்டிக்கொண்டு, அதனையே சர்வ சாதாரணமாகப் பாவிப்பதைச் சாமர்த்தியம் என்று மெச்சுவோரும் உளர்.

மேசைவாளின் விபரீதம் வேறு வகையானது. தோட்டத்தில் தறித்து நன்கு உலராத யூக்கலிப்டஸ் பலகை, அறுபட்டதும் உள்முறுக்கம் தளர்ந்து, வாளின் பின்புறத்தை இறுகக் கவ்வுகிறது. அங்கே மேல்நோக்கி எழும் பற்கள் அதனைத் தூக்கி, அறுப்பவனின் மார்பை நோக்கி எறிகின்றன. வாளின் பின்னே நிற்கும் சிறு இரும்புத் தகடு, அறுத்த பிளவை மூடவிடாமல் தாங்கி இந்த ஆபத்தைப் பெரிதும் தடுத்துவிடும். வேலை தடைப்படுகிறதென்று பல இடங்களில் முதலில் கழற்றப்படுவதும் அந்தத் தகடே. பலகையின் நேர்கோட்டில் நில்லாது விலகி நிற்பதும், கடைசிச் சாண் அளவைக் கையால் தள்ளாமல் மரக்குச்சியால் தள்ளுவதும், கையுறையைக் கழற்றிவிடுவதும் ஒரு நாளிற் கற்பிக்கக்கூடியவை.

மின்வெட்டு நம்மவருக்குப் புதிதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்தோம். மின்சாரம் நின்றபோது சுவிட்சை அணைக்க மறந்தவன், அறுத்த துண்டை எடுக்கக் குனியும் க்ஷணத்தில் மின்சாரம் மீண்டால் என்னாகும்? மின்சாரம் போனதும் தானே விடுபட்டு, மறுபடி அழுத்தினாலன்றி ஓடாத சுவிட்ச் உண்டு. பழைய மோட்டாரை மலிவாக வாங்கிப் பூட்டும்போது அதைக் கேட்டு வாங்குவோர் அரியர்.

ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்ற விதி 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் செல்லுபடியாகும் அவ்விதி, கடைவீதியின் பின்புறத் தகரக் கொட்டகைக்குள் எட்டிப்பார்ப்பது எப்போது? செலவு தாங்காது என்று சிறு பாஸ்மார் சொல்வதில் நியாயம் ஓரளவே உண்டு. தள்ளுகுச்சி கழிவுப் பலகையிலேயே ஆகும், தகட்டுக்கும் பெருஞ்செலவில்லை. பொதுப் பணத்தில் எழும் வீடுகளுக்குக் கதவு ஜன்னல் ஒப்பந்தம் கொடுக்கும் அதிகாரிகள், விலைமனுவைப் பார்க்குமுன் பட்டறைக்கே சென்று அத்தகடும் மூடியும் சுவிட்சும் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இல்லாத இடத்துக்கு ஒப்பந்தம் கொடுக்க வேண்டாம்.