ஏரி எங்கும் ஓடிவிடாது!

நாங்கள் தில்லிக்கு வந்து 32 ஆண்டுகள் ஆகின்றன. கோடை விடுமுறை என்றால் நமக்கெல்லாம் ஒரே திசைதான்: தெற்கு. எல்.டி.சி. கிடைத்தாலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்தான். குலதெய்வம், கல்யாணம், காதுகுத்து என்று நாட்கள் தீர்ந்துவிடும். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, சென்ற ஜூனில்தான் நானும் மனைவியும் முதன்முறையாக வடக்கே கிளம்பினோம். லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையோடு காரில் போய்வருவது திட்டம்.

அந்தத் திட்டத்தில்தான் வினை இருந்தது. ஐந்தே நாள் விடுப்பு. காலை விமானத்தில் லே, மறுநாளே ஏரி. லே நகரம் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு பழக இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நமக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் சாங் லா கணவாய் ஏற்றம். உச்சி ஏறத்தாழ 17,500 அடி. பாதி வழியிலேயே மனைவிக்குத் தலைவலி, பிறகு வாந்தி. "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், போகலாம்" என்றேன். அவளும் எனக்காக, "ஒன்றுமில்லை" என்றாள். லடாக்கி ஓட்டுநர் என்னைக் கேட்கவேயில்லை, வண்டியைத் திருப்பினார். "ஏரி எங்கும் ஓடிவிடாது சாப், மாதாஜியைக் கவனியுங்கள்" என்றார் இந்தியில். இறங்க இறங்க அவள் முகம் தெளிந்தது. என் முகத்தைத்தான் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

லேயில் மருத்துவரைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் ஓய்வெடுத்தோம். விடுப்பையும் நீட்டினேன், அலுவலகம் இடிந்து விழவில்லை.

பிறகு போனோம். 2009-இல் 'த்ரீ இடியட்ஸ்' வந்ததிலிருந்து அங்கே கூட்டம். பலர் படம் எடுத்துக்கொண்டு அன்றே திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் ஸ்பாங்மிக், மான், மெராக் என்று கரையோரக் கிராமங்கள் வழியே மெல்லப் போனோம். ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில், 130 கி.மீ.க்கு மேல் நீளும் ஏரி. மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம், மிச்சம் திபெத்தில். நீர் வெளியேற வழியில்லாததால் உப்புக் கரிக்கிறது. மனைவி ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, "நம்ம ஊர்க் கடல் அளவுக்கு இல்லைங்க" என்றாள். வெயிலில் ஒரு நீலம், மேகம் வந்தால் வேறொரு நீலம். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் இருவர் மட்டும் ஒரு பகல் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

அன்பர்களே, ஒரு கோடையிலாவது வடக்கே போய் வாருங்கள். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். லேயில் முதல் இரண்டு நாட்களை வெறுமனே விடுங்கள். தலைவலி, வாந்தி கண்டால் மேலே ஏறாதீர்கள், இறங்குங்கள். மனைவி "எனக்கு ஒன்றுமில்லை" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.