காகிதத்துக்கும் ஆயுள் உண்டு

சர்க்கார் காரியாலயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், காகிதக் கட்டுகளைக் கேலி செய்யாமல் நம்மால் இருக்க முடிவதில்லை. கேலி பெரும்பாலும் நியாயமானதுதான். ஆயினும், அந்தக் கட்டுகளின் மேல் எழுதியிருக்கும் இரண்டெழுத்துக் குறியை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

சென்னை ராஜதானியின் நாளில் டாட்டன்ஹாம் என்ற ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர் ஜில்லாக் காரியாலயங்களுக்காக ஒரு முறையை வகுத்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. வெள்ளைக்காரர் விட்டுப்போன சரக்குகளில் தலைமுழுக வேண்டியவை பல உண்டு. இது அந்த ஜாபிதாவில் சேராது என்பது நமது அபிப்பிராயம்.

தபாலில் வரும் காகிதத்துக்கு முதலில் ஓர் எண் விழுகிறது. நமக்கு வரும் பதில்களின் தலையில் 'ந.க. எண்' என்று காண்கிறோமே, அதுதான். உடனே காகிதம் இன்ன குமாஸ்தாவினுடையது என்று ஏற்பட்டு, அவருடைய தன்பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அதற்கப்புறம் அது 'எங்கேயோ' இருக்க முடியாது. யாரோ ஒருவரிடந்தான் இருந்தாக வேண்டும். காரியம் முடிந்ததும் அதன் ஆயுளும் விதிக்கப்படுகிறது. ஓ.மு. என்றால் 1 ஆண்டு, மூ.மு. என்றால் 3 ஆண்டு, ப.மு. என்றால் 10 ஆண்டு. என்றென்றைக்கும் காக்க வேண்டியவை தனி வகுப்பு.

இதில் நாம் மிகவும் மெச்சுவது, ஆயுளைக் குறிக்கும் வேளையைத்தான். ஒரு காகிதத்தின் மதிப்பு, அதைக் கையாண்டு முடித்தவருக்கு முடித்த அன்று தெரிவதுபோல் வேறு எவருக்கும் எப்போதும் தெரியாது. பத்து வருஷம் கழித்து, ரிகார்டு அறையில் தும்மிக்கொண்டு நிற்கும் புதியவர் என்ன செய்வார்? பயந்தவரானால் எல்லாவற்றையும் வைத்திருப்பார். துணிந்தவரானால் எல்லாவற்றையும் எடைக்குப் போடுவார். இரண்டும் ஆபத்து. (ஆயுள் முடிந்தும் அசையாத கட்டுகள் எத்தனையோ உண்டு என்பதை அறிவோம். அது முறையின் குற்றமன்று. கழிக்கத் தயங்கும் கையின் குற்றம்.)

கணவரை இழந்த மூதாட்டி ஒருத்தி குடும்பப் பென்ஷனுக்காக வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பணிப்பதிவேடு அகப்படவில்லை. "தேடிப் பார்க்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள், அம்மா" என்கிறார்கள். தேடும் கூலியை யார் கொடுக்கிறார்கள்? பஸ் கட்டணமாகவும் பட்டினியாகவும் அவள்தான் கொடுக்கிறாள். ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்க வேண்டுமென்று 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 4-வது பிரிவிலேயே கட்டளையிடுகிறது. அந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு இத்தகைய மூதாட்டியின் நினைவே வருகிறது.

தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. மேஜையில் ஏறும் குவியல் காகிதத்தால் ஆனதன்று. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தையால் ஆனது. காகிதம் முதலில் கைக்கு வரும்போதே, யார் செய்ய வேண்டியது, எந்தத் தேதிக்குள் என்று மூலையில் பென்ஸிலால் குறித்துவிட்டால் பாதிக் குவியல் எழும்பாது. வேலை முடிந்தவுடன் கழிக்க வேண்டிய வருஷத்தையும் எழுதிவிட்டால் மீதியும் கரையும். அழகான அட்டைகளும் வர்ண நாடாக்களும் வாங்குவது அதற்குப் பிறகு, வாங்காவிட்டாலும் நஷ்டமில்லை.

எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டதே என்பார்கள். போனது காகிதம் மட்டுமே. கைபேசியில் ரசீதைப் படம் பிடித்துப் பெயரிடாமல் விட்டால், தூசி படிந்து நம்மை எச்சரிக்கும் உபகாரங்கூட அங்கே கிடையாது. ஓ.மு. போட்டிருக்க வேண்டிய படங்கள் ஆயிரக்கணக்கில் அதற்குள் சிரஞ்சீவியாக வாழ்கின்றன.